உப்பு பார்க்க ஆளில்லாத நோன்பு

அன்புள்ள செல்விக்கு,

உன் நூருக்கா எழுதுகிறேன். நீ போன பிறகு வந்திருக்கிற முதல் நோன்பு மாதம் இது. நீ இருக்கும் இடத்தில் பிறை தெரிந்ததா? இங்கே தெரிந்தது. பள்ளிவாசலில் அறிவித்ததும் எங்கள் தெருவே கலகலப்பாகிவிட்டது. எனக்கு மட்டும் பயமாக இருந்தது. பசிக்குப் பயந்து அல்ல என்று உனக்குத் தெரியும். இனி ஒரு மாதத்துக்கு உப்பு பார்க்க ஆளில்லையே என்றுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நானும் செல்வியும் திண்டுக்கல்லில் என் வீட்டு அடுப்படியில் மதியச் சாப்பாடு ஆக்கி, கேரியரில் போட்டு அனுப்பும் தொழில் செய்தோம். நோன்பு மாதத்தில் பகலில் என் வாயில் தண்ணீர்கூடப் படாது. அந்த மாதம் முழுக்கக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் போடுக்கா" என்று சொல்வது அவள் வேலை. சாயங்காலம் நோன்புக் கஞ்சிக்கும் அவள் நாக்குதான். மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

செல்வி, நீ போனதும் கேரியர்களைக் குறைத்துவிட்டேன். ஆனால் உப்பில்லாத கேரியர் ஒருநாளும் நிற்கவில்லை. அது உன் அப்பாவுக்குப் போகும் கேரியர்; அதை எப்படி நிறுத்துவேன்?

அந்தக் கேரியரை நினைத்தால்தான் எனக்குப் பயம். அவருக்கு இதயம் வீங்கியிருக்கிறது, உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், நத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தாரே, அந்தச் சாயங்காலம் எனக்கு மறக்கவில்லை. படுத்தால் மூச்சு விட முடியவில்லை. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. அன்றைக்கு உனக்கு இருந்த பயம் இப்போது மொத்தமாக என்னிடம் வந்துவிட்டது.

என் கையைப் பற்றி உனக்குத் தெரியும். அடுப்பில் எது கொதித்தாலும் அது தானாகப் போய் உப்பை அள்ளும். நான் பேசிக்கொண்டிருப்பேன், கை போட்டுவிட்டு வந்துவிடும். நல்ல பழக்கத்தை வளர்த்துக்கொண்டால் வேலை தானாக நடக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தானாக நடப்பதுதானே எனக்குப் பயமாக இருக்கிறது?

அதை முதலில் கண்டுபிடித்தவள் நீதான். உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாய். காலையில் முதல் சமையல் உப்பில்லாத சமையல். அது கேரியருக்குள் போய் மூடி விழுந்த பிறகுதான் டப்பா அடுப்படிக்கு வரும். உப்பென்ன தங்கமா, அதற்கும் ஒரு பூட்டுப் போடு என்று நான் கேலி செய்தேன். "மனச நம்பாதக்கா. டப்பா எங்க இருக்குங்குறத நம்பு" என்று சொல்லிவிட்டு நீ பருப்பைக் களையப் போய்விட்டாய்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்முன் அந்த டப்பாவைத் திரும்பப் பின்னறையில் வைத்தது யார் என்று நான் யோசித்ததே இல்லை. காலையில் அது அங்கே இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திருப்பூரில் இருக்கும் என் மகள் பர்வீன், நான் தனியாகத் திண்டாடுகிறேன் என்று லீவில் வந்தபோது போனில் அலாரமாக வைத்துக் கொடுத்தாள். அரிசி ஊறவைக்க ஒன்று, உப்பில்லாப் பருப்புக்கு ஒன்று, கேஸை நிறுத்த ஒன்று. முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் போனதும் அலாரம் அடித்ததையே நான் கேட்கவில்லை. கை போய் அதை அணைத்துவிட்டு வந்துவிடுகிறது. உப்பு போடும் அதே கைதான்.

நோன்பு தொடங்கிய முதல் வாரத்தில் நான் பயந்தது நடந்தது. முந்தின நாள் கஞ்சிக்கு எடுத்த டப்பா அடுப்படி மேடையிலேயே இருந்திருக்கிறது. காலையில் உன் அப்பாவுக்குப் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நோன்பு திறக்க மொத்தமாகக் கஞ்சி வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். பேசி முடித்துத் திரும்பினால், டப்பாவின் மூடி திறந்து கிடக்கிறது. என் விரலில் உப்பு ஒட்டியிருக்கிறது. போட்டுவிட்டேனா, போடப் போனேனா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

கேரியர்களை எடுத்துப்போகும் ஆட்டோக்காரரைப் பார்க்கச் சொல்லலாமென்றால், எந்நேரமும் புகையிலை அடக்கிய வாய், அதற்கு உப்பும் ஒன்றுதான் சுண்ணாம்பும் ஒன்றுதான். அக்கம்பக்கம் எல்லாரும் நோன்பு. சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பர்வீன் சொல்லியிருக்கிறாள். எங்கள் அம்மா அதைக்கூடச் செய்ததில்லை, நானும் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தேன். காய்ந்த நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். கரித்தது. துப்பிவிட்டு வாயைக் கழுவினேன், அப்போதும் கரித்தது. வெறும் நாக்கே கரித்தது, செல்வி. பயத்தில் எனக்கு எல்லாமே உப்பாகத் தெரிந்தது.

அந்தப் பருப்பை மற்றவர்களுக்கான சாம்பாருக்கு ஒதுக்கிவிட்டு, டப்பாவைப் பின்னறையில் வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஆக்கினேன். எல்லாக் கேரியரும் தாமதம். ஆளாளுக்குப் போன் செய்தார்கள். அப்பாவின் கேரியரை நானே எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் தாமதம் என்று கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கேரியரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பருப்பையே குடுத்திருக்கலாம்ல தாயி" என்றார். "எம்மகளே போயிட்டா. நான் யாருக்காக இந்தச் சப்புன்னு இருக்குறதத் திங்கணும்?"

இத்தனை நாளும் என் கையைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். உப்பு விழுந்துவிட்டால் அவர் சொல்லவே மாட்டார், சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுக் கேரியரைக் கழுவி அனுப்பிவிடுவார் என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு நாளும் மூடியைத் திறக்கும்போது, இன்றைக்காவது நூரு மறந்து உப்பு போட்டிருப்பாளா என்று பார்த்திருக்கிறார்.

நீயாக இருந்தால் சண்டை போட்டிருப்பாய். எனக்குச் சண்டை வரவில்லை, அழுகைதான் வந்தது.

"எனக்கு இந்த மாசம் நாக்கு இல்லப்பா. செல்விதான் பாத்துச் சொல்லுவா. நாளையில இருந்து நீங்க வந்து உப்பு பாக்கணும்" என்றேன்.

"நானா?" என்று சிரித்தார். "உப்பு இருந்தாலும் இல்லன்னுதேன் சொல்லுவேன்."

"தெரியும்ப்பா. இருந்தாலும் வாங்க."

வந்தார், செல்வி. காலை வெயில் ஏறும்முன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் வருகிறார். நானும் என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். கஞ்சி இறக்கிய கையோடு டப்பா பின்னறைக்குப் போய்விடும். அதன் பிறகுதான் நான் நோன்பு திறக்க உட்காருவேன். உப்பில்லாச் சமையல் முடியும்வரை போனும் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். அடுப்பை அணைக்கும்போது "உப்பு போடல" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். யாராவது பார்த்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

பிறகு அவர் உள்ளங்கையில் ஒரு கரண்டி விடுவேன். நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "சப்புன்னு கெடக்கு தாயி" என்பார். அதைக் கேட்டு நான் நிம்மதியாக இருக்க வேண்டுமல்லவா? இல்லையே. நிஜமாகச் சொல்கிறாரா, ஏமாற்றுகிறாரா? வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் பாதம் வீங்கிச் செருப்புப் பட்டை பதிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தெருவில் நடந்து வரும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பேன். நீயும் இப்படித்தான் தினமும் பயந்துகொண்டே என்னோடு சிரித்துப் பேசினாயா? ஒரு நாள்கூட என்னிடம் சொல்லவில்லையே.

முந்தாநாள் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். டப்பா பின்னறையில்தான் இருந்தது. போனும் அங்கேதான். ஆனால் காலையில் பக்கத்து வீட்டு மும்தாஜ், என்றோ வாங்கிப்போன உப்பைத் திருப்பிக் கொடுக்க ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். உப்பைக் கைக்குக் கை வாங்கக் கூடாதே. அந்த மேடை மேலே வைத்துவிட்டுப் போ என்று நானேதான் சொன்னேன். சொன்னதை மறந்தும்விட்டேன். எல்லாம் வழக்கம்போல் நடந்தது. "உப்பு போடல" என்று வாய்விட்டுச் சொல்லி அடுப்பை அணைத்தேன். அப்பாவின் கையில் ஒரு கரண்டி பருப்பை விட்டேன்.

நக்கினார். முகத்தைச் சுளிக்கவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, செல்வி. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"நல்லாருக்கு தாயி" என்றார். அப்புறம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "உப்பு இருக்கு. இத எடுத்துட்டு வேற வையி."

நான் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்து மேடையைச் சுற்றிப் பார்த்து, அந்தக் கிண்ணத்தைக் கண்டுபிடித்து, தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்ப் பின்னறையில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். மறுபடி பருப்பு வேகும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெந்ததும் கையை நீட்டினார். சுளித்தார். எனக்கு உயிர் வந்தது.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நாளைக் காலையிலும் பயந்துகொண்டேதான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஆனால் இன்றைக்குச் சாயங்காலமும் டப்பா பின்னறைக்குப் போய்விட்டது. பெருநாளன்று பிரியாணியிலும் முதல் சட்டி உன் அப்பாவுக்குத்தான், டப்பா திறக்கும்முன். நோன்பு முடிந்து என் நாக்கு எனக்குத் திரும்பி வந்த பிறகும், முதல் கரண்டி அவர் கையில்தான் விழும். அவர் "சப்புன்னு கெடக்கு" என்று சொல்லாமல் உப்பில்லாத கேரியர் இந்த வீட்டுப் படி இறங்காது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அப்பாவை அப்பா என்றே கூப்பிடும்
உன் அக்கா
நூர்ஜஹான்