எனக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்ய வேண்டாம்

அனுப்புநர்:
கண்காணிப்பு அறை உதவியாள்
(முன்பு மிதக்கும் மேடையில் சேற்றுத்தொட்டி பார்த்தவன்),
கரை அலுவலகம், மூன்றாம் மாடி.

பெறுநர்:
பாதுகாப்பு ஆய்வு அதிகாரி அவர்கள்,
கடல் எண்ணெய்க் கிணறுகள் பிரிவு.

பொருள்: அனுமதி இல்லாமல் போனை எடுத்ததற்காக எனக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்யாமல் வைத்திருக்கவும், சேற்றுத்தொட்டி அருகே மறுபடி ஓர் ஆளை நிறுத்தவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

மெமோ வாங்கியவர்கள் எல்லாம் அதை ரத்து செய்யச் சொல்லித்தான் உங்களிடம் வருவார்கள். நான் அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லி வந்திருக்கிறேன். படித்து முடிப்பதற்குள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்துவிட வேண்டாம். அந்த முடிவை என் வீட்டில் ஏற்கனவே எடுத்துவிட்டார்கள்.

1. பத்தொன்பது வருடம் மேடையில் சேற்றுத்தொட்டி அருகே நின்றவன் நான். துளை போடும்போது குழாய் வழியாகச் சேற்றைக் கீழே அனுப்புவார்கள். அது சுற்றிக்கொண்டு தொட்டிக்கே திரும்பும். போன அளவே வந்தால் கிணறு நல்ல பிள்ளை. அதிகம் வந்தால் அடியிலிருந்து வேறு ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். உடனே கிணற்று வாயை மூட வேண்டும். மூடாவிட்டால் மேடையில் இருக்கிற அறுபத்து மூன்று பேருக்கும் ஆபத்து. தொட்டியின் மட்டத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. தொட்டி அதற்கு மேல் கேட்டதில்லை.

2. சென்ற வருடம் தொட்டியில் ஒரு மிதவையைப் போட்டார்கள். மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அது கரைக்குச் சொல்லிவிடும். இங்கே கண்காணிப்பு அறையில் இருக்கிற திரையில் பச்சைக் கோடாக ஓடும். முதல் மூன்று மாதம் மிதவையும் நானும் கூட்டாக வேலை பார்த்தோம். பிறகு ஆள் தேவையில்லை என்று என்னைக் கரைக்கு அழைத்து, அதே அறையில் தரை துடைக்கவும் தண்ணீர் கேன் மாற்றவும் வைத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு. இப்படி ஒரு பதவி உயர்வு எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடைத்ததில்லை.

3. இந்த மாதம் ஐந்தாம் தேதி காலை பதினொன்றே கால் மணிக்கு மேல் நான் திரைகளில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். கேமரா படத்தில் மேடையின் கைப்பிடிக் கம்பி அலைக்கு ஏறி இறங்கியது. பக்கத்தில் தொட்டிக் கோடோ ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது. ஐயா, கடல் மேல் மிதக்கிற தொட்டியில் சேறு ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. மேடை சாய்ந்தால் அதுவும் சாயும். கோடு எப்போதும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுங்கவில்லை என்றால் சேறு காய்ந்து மிதவையின் தண்டைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். நான் அங்கே இருந்தபோது அரை மணிக்கு ஒரு முறை துடைப்பக் கட்டையால் அதை ஒரு தட்டு தட்டுவேன். என் மனைவி என்னை எழுப்புவதைவிட மெதுவாகத்தான்.

4. பணியில் இருந்த பொறியாளர் அம்மாவிடம் சொன்னேன். கோடு நேராக இருந்தால் நல்லதுதானே அண்ணே என்றார். பதினான்கு திரையை ஒரே ஆளாகப் பார்க்கிறவர். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அடுத்த நொடியே அவருக்கு வேறு போன் வந்துவிட்டது. மேடைக்கு நேராகப் பேசும் சிவப்புப் போன் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைத் தினமும் துடைக்கிறவனே நான்தான். இருந்தும் எடுத்தேன்.

5. அந்தப் பக்கம் எடுத்தது என் மனைவியின் தம்பி. அவன் அங்கே பம்பு பார்க்கிறான். மிதவையை ஒரு தட்டு தட்டுடா என்றேன். கரையில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேலை சொல்கிறீர்களா மாமா என்று கேட்டான். கேட்டுக்கொண்டே போய்த் தட்டினான். திரையில் கோடு ஒரு முழம் எகிறியது. மட்டம் எத்தனை நேரமாக ஏறிக்கொண்டிருந்ததோ, யாருக்கும் தெரியாது. உடனே கிணற்று வாயை மூடினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பொறியாளர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அது என் வேலைதான்.

6. நான்கு நாள் கழித்து மேலாளர் அறிக்கை எழுதினார். கரையிலிருந்து கண்காணிக்கும் கருவி ஆபத்தைத் தானே கண்டுபிடித்தது என்று அதில் இருக்கிறது. மிதவை சிக்கியது இல்லை, தட்டியது இல்லை, போன் இல்லை. அதே நாளில் எனக்கு மெமோ வந்தது. இனி அறைக்குள் வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். மெமோவில் பதினொன்று இருபத்திரண்டுக்கு நான் சிவப்புப் போனை எடுத்து, மிதவையைத் தட்டச் சொன்னதாக ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

7. இப்போது, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மெமோவைக் கிழித்துவிடலாம் என்கிறார்கள். அன்று மேடைக்கு நான் பேசவே இல்லை என்று அந்தக் கடிதத்தில் அச்சடித்திருக்கிறது. போட்டுத் தொலை, மறுபடி அறைக்குள் விடுவார்கள் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். போட்டால் நான் உள்ளே போய்விடுவேன் ஐயா. ஆனால் மிதவை சிக்கியது என்பதற்கு இந்த உலகத்தில் வேறு காகிதம் கிடையாது. தொட்டி அருகே இன்றுவரை ஆள் இல்லை. வருகிற திங்கட்கிழமை என் மைத்துனன் மறுபடி இருபத்தெட்டு நாள் பணிக்கு ஹெலிகாப்டர் ஏறுகிறான். அவன் அக்கா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எப்போதும் கேட்கிறவள் கேட்காமல் இருப்பது எனக்கு அந்த நேர்க்கோட்டைப் பார்ப்பது போல இருக்கிறது.

எனவே, அந்த மெமோவை அறிக்கையோடு சேர்த்துத் தைத்து, இரண்டையும் ஒன்றாகப் படிக்க வேண்டுகிறேன். திங்கட்கிழமைக்குள் தொட்டி அருகே ஓர் ஆளை நிறுத்த உத்தரவிட வேண்டுகிறேன். அது நானாக இருக்க வேண்டும் என்றில்லை. கையில் ஒரு துடைப்பக் கட்டை இருந்தால் போதும்.

போனை எடுத்தது குற்றம்தான். ஒப்புக்கொள்கிறேன். என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள். எதற்காக எடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுக் கொடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)
சேற்றுத்தொட்டிக்காரன்

தேதி: 14, வியாழக்கிழமை
இடம்: கண்காணிப்பு அறைக்கு வெளியே, மாடிப்படி

இணைப்பு: மெமோ, நகல். மன்னிப்புக் கடிதம், கையெழுத்து இல்லாமல்.