ஏழாவது பாடம்

வட்டகொடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் மதுரனுக்கு அம்மா எழுதுவது, நானும் அப்பாவும் சுலக்ஷனாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம், கட்டாரின் அந்த வெயிலில் உனக்கும் ஒரு குறை வரக் கூடாது என்று தினமும் விளக்கு வைக்கிறேன். இங்கே தோட்டத்தில் விடாத மழை, நம் லயத்து வீட்டுக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கிறாள், படிக்கிற மாதிரி போனையும் பார்க்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. போனிலேயே சொல்லலாமே என்பாய், சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று சிரிப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அழகன் மாமாவைப் பற்றியது. யுத்த காலத்தில், எனக்குப் பதினேழு வயதில், தபாலில் சித்திரம் படித்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. கருவாடு சுற்றி வந்த பேப்பரில் விளம்பரம் பார்த்துக் கொழும்பில் ஒரு மாஸ்டருக்கு எழுதினேன். அப்போதெல்லாம் கடிதம் வந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் பேர் சொல்லித்தான் கொடுப்பார்கள். குமரிப் பிள்ளைக்கு ஆம்பளையிடமிருந்து கடிதம் என்றால் லயமே வாயில் போட்டு மென்றுவிடும், அதனால் அண்ணன் பேரில் சேர்ந்தேன். முட்டை, தண்ணி சுட வைக்கிற கேத்தல் என்று வரைந்து அனுப்புவேன், மாஸ்டர் சிவப்புப் பென்சிலால் திருத்தி அனுப்புவார். ஏழாவது பாடம், கண்ணாடி பார்த்து உங்கள் முகத்தை வரையவும். என் முகத்தையா அனுப்ப முடியும், கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்த அண்ணன் முகத்தை நினைத்து வரைந்து அனுப்பினேன். அடுத்த வாரமே அவனைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போய்விட்டார்கள் என்று சேதி வந்தது. அதோடு அவனும் வரவில்லை, பாடமும் வரவில்லை.

போன மாதம், கடிதமெல்லாம் வந்து சேரும் தோட்டத்துப் பழைய ஆபீசை இடித்தார்கள். அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது என்று அங்கே வேலை செய்யும் கிருஷாந்தி ஓர் உறையைக் கொண்டுவந்து தந்தாள். அண்ணன் பேருக்கு வந்தது. பிடிபட்டவன் பேரைப் பார்த்ததும் பயந்து ஒளித்திருப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. முத்திரையில் தேதி பார்த்தேன், அவனைப் பிடித்து எட்டு மாதம் கழித்துப் போட்டது. உள்ளே நான் வரைந்து அனுப்பிய அண்ணன் முகம். மாஸ்டர் கன்னத்தை ஒட்ட வைத்து, தலையை மொட்டையாக்கி, இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயம் போட்டிருந்தார். அண்ணனுக்கு அப்படித் தழும்பே கிடையாது. இப்போது நீங்கள் இப்படி இருக்கிறீர்கள், திருத்தி அனுப்பவும் என்று கீழே எழுதியிருந்தது. அவன் அப்போது எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறான், நான் பதில் போடாமல் இருந்திருக்கிறேன்.

அப்பாவிடம் காட்டினேன், அந்தாளு சும்மா கிறுக்கியிருப்பான், அதப் போயி வச்சுக்கிட்டு அழுவுறியே என்றார். நான் கேட்கவில்லை. காயத்தோடு, அண்ணனுக்கு இப்போது ஆகும் நாற்பத்தாறு வயதுக்கு உள்ள நரையும் வைத்து வரைந்து, உறையைச் சோற்றால் ஒட்டி அதே விலாசத்துக்குப் போட்டேன். வியாழக்கிழமை திரும்பி வந்தது, அப்படி ஓர் ஆள் இல்லை என்று மேலே எழுதியிருந்தது. ஒட்டு பிரியவே இல்லை மகன், நான் வைத்த பருக்கைகூட அப்படியே காய்ந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். என் படத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. லீவில் வரும்போது நேரே வீட்டுக்கு வராதே. பின்பக்கம் மாஸ்டரின் விலாசம் எழுதியிருக்கிறேன், கொழும்பில் அந்தத் தெருவில் இறங்கி, புருவத்தில் தழும்பு, கண்ணாடி போட்டவர் என்று விசாரி, மறந்துவிடாதே. இருந்தால் மாமா என்று கூப்பிடு, உங்கள் தங்கச்சி பாடத்தைத் திருத்தி அனுப்பிவிட்டாள் என்று சொல்.

எல்லாத் தெய்வமும் உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. பூரணி