நீ பாதியில் விட்ட கல்யாணப் பத்திரிகை

என் செல்லக் குமரேசா,

உன் கம்ப்யூட்டர் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். அப்பாவின் மூட்டுவலியை அப்புறம்தான் விசாரித்திருப்பாய்.

போன மாதம் உன் தலைத்திவசம் முடிந்தது. வருஷம் திரும்பாமல் வீட்டில் நல்ல காரியம் வேண்டாம் என்று உன் தங்கை கோமதி கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருந்தோம். களக்காட்டுச் சம்பந்தக்காரர்கள் பெரிய மனசு பண்ணிக் காத்திருந்தார்கள். இப்போது தேதி குறித்தாயிற்று. பத்திரிகை அடிக்கிற பேச்சு வந்ததுமே உன் தங்கை பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: "அண்ணன் எனக்குன்னு செஞ்ச பத்திரிகை அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. அடிச்சா அதைத்தான் அடிக்கணும்."

காய்ச்சல் என்று நீ படுப்பதற்கு முந்தின வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாய். டவுணில் எத்தனையோ வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் பத்திரிகை கோத்துக் கொடுத்தவன், தங்கையுடையதை மட்டும் எங்கள் கண்ணில் காட்டவில்லை. எட்டிப் பார்த்தால் திரையை அணைத்துவிடுவாய். "முடியட்டும்ப்பா, காட்டுதேன்" என்றாய். அப்படி என்னதான் வைத்திருந்தாய் அதில்?

உன் காரியங்கள் முடிந்த அன்றைக்கு உன் அம்மா அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். தன் பட்டுப்புடவை ஒன்றை எடுத்து வந்து அதை மூடினாள். "அவன் கை பட்டது. யாரும் தொடப்படாது" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் புடவையை உதறி மறுபடி மூடுவாள். பூஜை அறையில்கூட அவ்வளவு கவனம் கிடையாது.

இப்போது அவளே புடவையை எடுத்தாள். நான் ஸ்விட்சைப் போட்டேன். திரை எரிந்தது, உள்ளே காற்றாடி சுற்றியது. ஆனால் ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று ஒரு வரி வந்து, அதோடு நின்றுவிட்டது. ஜங்ஷனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "டிஸ்க்கு செத்துட்டு சார். புதுசு மாட்டிருவோம்" என்றார்.

"உள்ள இருக்கிறது?" என்று கேட்டாள் கோமதி.

"அது போனது போனதுதாம்மா."

அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். புதிது வாங்க வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டு, உன் சிநேகிதன் இசக்கிக்குச் சொல்லியனுப்பினேன். அவன் இப்போது வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டான். உன் நாற்காலி காலியாகக் கிடக்க, நின்றுகொண்டே பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினான்.

"உக்காந்து பாரேம்லே" என்றேன்.

"வேண்டாம் சார். இதுல உக்காந்தா பின்னால வந்து மண்டையில கொட்டுவான்."

எல்லோரும் சிரித்தோம். எப்படி அந்தச் சிரிப்பை நிறுத்துவதென்றுதான் தெரியவில்லை.

மூடியைக் கழற்றியதும், "யாரும் சத்தம் காட்டாதீங்க" என்று சொல்லி டிஸ்க்கின் பக்கத்தில் காதை வைத்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். "சுத்துது சார். உயிரு இருக்கு."

உன் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் காத்துக்கிடந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தானே?

டிஸ்க்கிலிருந்து போகிற பட்டை வயரை உருவித் துடைத்துச் செருகினான். தான் கொண்டுவந்த வேறு வயரை மாட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் திரையில் இருந்த தேதியைக் கவனித்தான். எண்பதாம் வருஷம் ஜனவரி என்று காட்டியது. அந்தப் பெட்டியின் கணக்குப்படி நீ அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாய். நான் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு. மெஷின் ஓடுனாத்தான் அது சார்ஜ் ஏறும். என்ன தேதி, எந்த டிஸ்க்கு மாட்டிருக்குன்னு எல்லாத்தையும் அதை வச்சுத்தான் இது ஞாபகம் வச்சிருக்கும். ஒரு வருஷமா கரண்டே குடுக்கலல்லா, மறந்துட்டு" என்றான் இசக்கி.

"நான் மூடி வச்சதாலயா?" என்றாள் உன் அம்மா. "ஐயோ, எம்புள்ள செஞ்சதை நானேயா கெடுத்தேன்?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பில் சொல்வதுபோல் அவளுக்குச் சொன்னேன். "ஒரு வகுப்புக்குப் புது வாத்தியார் வாராருன்னு வையி. பையன் பெஞ்சுலதான் உக்காந்திருக்கான். வருகைப் பதிவேட்டுல அவன் பேரு அழிஞ்சுபோச்சு. அவரு பேரைக் கூப்பிடலை, இவனும் 'உள்ளேன் ஐயா' சொல்லலை. அதுக்காகப் பையன் இல்லைன்னு ஆயிருமா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப அதுக்கு அவன் பேரைச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் அதன் அளவெல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. டார்ச் அடித்து நான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன், இசக்கி தட்டினான். பெட்டியை அணைத்துப் போட்டான். ஒரு கணம் இருட்டு. பிறகு உன் ஃபைல்களுக்கு நீ வைத்த பெயர்கள் வரிசையாக வந்தன. 'கோமதி' என்று இருந்ததை அவன் திறந்தான்.

என்ன அழகாகச் செய்திருக்கிறாய், ராசா! ஓரம் முழுக்கப் பிச்சிப்பூக் கொடி. அவள் தலையில் எப்போதும் வைக்கிற பூ. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாய். கீழே வரவேற்பவர்களில் கடைசிப் பெயராக உன் பெயர்.

கல்யாண வேலைக்கென்று ராதாபுரத்திலிருந்து வந்திருந்த உன் தாய்மாமா அதைப் பார்த்துத் தயங்கினார். "மங்கலக் காரியம் மாப்ளே. வரவேற்புல பய பேரு வேண்டாம். இல்லைன்னா முன்னால காலஞ்சென்றன்னு போட்டுருங்க."

"அப்படிப் போட்டா நான் மணவறைக்கே வரமாட்டேன் மாமா" என்றாள் கோமதி. உன் அம்மா தன் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல அவனால முடியாதுண்ணே. பத்திரிகையிலயாவது சொல்லட்டும்."

மாமா துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். தேதியை நானே ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினேன். மற்றபடி ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

மணவறையில் அண்ணன் முறைக்குத் தங்கை கையில் பொரியிட, உனக்குப் பதிலாக இசக்கி நிற்பான். மண்டப வாசலில் நான் நிற்பேன். உன் பெயரைப் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் என் தோளுக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசி ஆள் உள்ளே நுழைகிற வரைக்கும் கண் கலங்காமல் நிற்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

நீ அழைத்தவர்களை உன் இடத்தில் நின்று கைகூப்பி வரவேற்கப் போகிற,
உன் அப்பா