உங்கள் மாடியில் ஒரு கொக்கி

இன்று காலை வரவேற்பறைச் சுவரில் துளை போட்டார்கள். செங்கல் தூளின் வாசனை இன்னும் போகவில்லை. நேற்றே சோபா, புத்தக அலமாரி எல்லாவற்றையும் பழைய வேட்டிகளால் மூடிவைத்திருந்தேன். பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எந்தக் கேபிளும் இதுவரை நுழையாத இந்த வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. மகன் பொம்மனஹள்ளி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறான். இனி இங்கிருந்தேதான் வேலை. உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இந்த இணைப்பை முதலில் கேட்டவர் பக்கத்து வீட்டுக்காரரான நீங்கள்.

இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு உங்களால் சர்ச்சுக்குப் போக முடியவில்லை. சனிக்கிழமை மாலைப் பாட்டுப் பயிற்சியில் கொயர்காரர்கள் உங்களை வீடியோவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் உங்கள் கருங்கல் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கேபிள் கம்பம் என் வீட்டு முனையில் இருந்தது. கம்பி என் மாடியைத் தாண்டித்தான் வரவேண்டும்.

"உங்க மாடியில ஒரு கொக்கி, எங்க மாடியில ஒரு கொக்கி. அவ்ளோதான் சார் மேட்டர்" என்றீர்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

உண்மையாகவே யோசித்தேன். மாடிக்கு அப்போதுதான் கசிவு நிற்கப் பூச்சு பூசியிருந்தது. இடி விழுந்தால் கம்பி வழியாக இறங்குமோ என்று பயம். மகனைக் கேட்கவேண்டும். கேபிள்காரரிடம் எழுதி வாங்கவேண்டும். அரசு அலுவலகத்திலேயே வேலைபார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் உடனே சரி என்று சொல்லிப் பழக்கமில்லை. அதன்பின் எங்கே பார்த்தாலும், "என்ன சார், ஃபைல் நகர்ந்துச்சா?" என்பீர்கள். "பரிசீலனைல இருக்கு" என்பேன். இருவரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பையே தவணையாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவீர்கள். தெருவில் சிக்னல் வரும். காதில் இயர்போன். மற்றவர்கள் பாடுவது உங்களுக்கு மட்டும் கேட்கும். என் ஜன்னலுக்கு உங்கள் குரல் மட்டும் வரும். திடீரென நிறுத்தி, விரலால் தாளம் எண்ணி, எங்கோ நடுவில் மறுபடி பிடிப்பீர்கள். ஸ்கூட்டரில் வந்த எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் கேட்டாள்: "என்ன அங்கிள், பாதிப் பாட்டுதான் தெரியுமா?"

"மீதிய மத்தவங்க பாடறாங்கம்மா. உனக்குக் கேக்கல."

ஆகஸ்ட் தூறலில் ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாகப் பாடினீர்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். சாரல் உள்ளே அடிக்கிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இல்லை. மாரடைப்பு. தூறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன.

இப்போது விஷயம் திரும்பிவிட்டது. சாலை தோண்டியபோது என் முனைக் கம்பத்தை எடுத்துவிட்டார்கள். இருக்கும் கம்பம் உங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம். கம்பி உங்கள் மாடியைத் தாண்டித்தான் எனக்கு வரவேண்டும். நேற்று உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் உங்கள் மனைவியைக் கூப்பிட்டேன்.

நான் முடிக்கக்கூட இல்லை. "இதெல்லாம் கேக்கணுமா அண்ணா? மாடிச் சாவி ஆணியிலதான் தொங்குது, எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு, "இவருக்கு அப்ப லைன் வரவே வராதுன்னு கம்பெனிக்காரன் கைய விரிச்சிட்டானாமே. உங்களுக்காவது வருதே, சந்தோசம்."

எந்தக் கம்பெனிக்காரனும் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள்தான் உங்கள் மனைவியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். என்னை அவரிடம் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக.

"இப்பல்லாம் வருது சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இன்று உங்கள் மாடியில் ஏறிய கேபிள்காரர் அங்கிருந்தே கத்தினார்: "சார், இங்க ஆல்ரெடி கொக்கி இருக்கு! உங்க வீட்டப் பாத்துதான் அடிச்சிருக்காங்க. துரு புடிச்சிருக்கு, ஆனா கெட்டியா இருக்கு."

நான் சரி என்று சொல்லிவிடுவேன் என நம்பி, முன்கூட்டியே அடித்துவைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக் கம்பி இப்போது அதில்தான் தொங்குகிறது.

சனிக்கிழமைப் பயிற்சியை இன்னும் வீடியோவில் போடுகிறார்களாம். மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, இந்தச் சனிக்கிழமை எங்கள் ஹாலில் வந்து கேட்கும்படி உங்கள் மனைவியை அழைத்தேன். வருகிறேன் என்றார். உங்கள் பகுதி எனக்கு மனப்பாடம். அதைச் சுற்றி மற்றவர்கள் என்ன பாடினார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். பாட்டு தொடங்குமுன் அவரிடம் சொல்லியாகவேண்டியது ஒன்று இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதுவதும் அடிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபைல் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.