மிளகுத் தோட்டத்துக் கற்பெட்டி

3.2.1991
மிளகு காயவைக்கச் சிமெந்துத் தரை போடலாம் என்று எங்கள் தோட்டத்து வேலையாள் அழகமுத்து மண் வெட்டினான். மண்வெட்டி கல்லில் மோதியது. ஒதுக்கிப் பார்த்தால் ஒரு பெட்டி! நாலு பக்கமும் பலகை மாதிரிக் கல், மேலே கல் மூடி. யார் வைத்தது? எதற்கு? எங்கள் வீட்டு மனுஷன் ரவூபுக்கு அந்த யோசனையே இல்லை. சனிக்கிழமை உடைத்துத் தரைக்கு அடியில் போடப் போகிறாராம்.

5.2
ஊரே வந்து பார்த்துப் போகிறது. ஸெய்னுலாப்தீன் மாமா, மகான் ஒருவர், அவ்லியா, அடங்கிய இடம் என்று பச்சைத் துணி போர்த்தினார். அழகமுத்து, முனி இருக்கிற இடம் என்று தேங்காய் உடைத்தான். இவருக்குச் சிரிப்பு.

"கிழக்கு மேற்காக் கிடக்கு. நம்ம கபுறுக்குழி வடக்கு தெற்கு. அவ்லியாவுக்கு அது தெரியாதா?"

சரிதான். அப்போ யார்?

6.2
தம்புள்ளைப் பக்கம் பழைய புதைகுழிகள் தோண்டுகிறவர்களோடு வேலை செய்யும் கிறிஸ்தோபருக்கு ஆள் அனுப்பினேன். இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே உடைப்பார்.

8.2 வெள்ளி
ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் இவர் பிந்தித்தான் வருவார், டீக்கடையில் கதை. அந்த நேரத்தில் கிறிஸ்தோபரை வரச் சொன்னேன். வழியில் ஆமிக்காரர்கள் அவருடைய சாமான் முழுவதையும் இறக்கிப் பார்த்தார்களாம்.

கிறிஸ்தோபரும் அழகமுத்துவும் மூடியை நகர்த்தினார்கள். ஒரு மண்முட்டி, சாம்பல், சிவப்புப் பாசிமணி. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்குமாம். சிங்கள ஆளா தமிழ் ஆளா என்று அழகமுத்து கேட்டான். "அது யாருக்குங்க தெரியும்" என்றார் கிறிஸ்தோபர்.

பிறகு ஒரு வளையலை எடுத்தார். என் இரண்டு விரலுக்கு மேல் ஏறவில்லை.

"சின்னப் பிள்ளைக்கு வச்சிருக்காங்க போல."

ஒரு பிள்ளைக்கா இவ்வளவு பெரிய கல்? எங்கிருந்து இழுத்து வந்தார்களோ.

9.2
பெட்டியை உடைக்க இவர் இரும்பு அலவாங்கோடு வந்தார். கத்திவிட்டேன், அழகமுத்துவுக்கு முன்னாலேயே. என் மகள் றமீஸா மவுத்தாகி ஆறு வருஷம். அவளுக்கும் அந்த அளவுக் கைதான். ஆம்பிளைங்க அடக்க மையவாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பொம்பிளைங்க போறதில்ல. எந்த இடம்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. பேர் தெரியாத யாரோ பிள்ளைக்கு இவ்வளவு செஞ்சிருக்காங்க - இவர் ஒரு கல்லாவது வச்சாரா? கல்லைக் கண்டா உடைக்கத்தான் தெரியுமா?

அலவாங்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

12.2
தரையைப் பலா மரத்துப் பக்கம் போடச் சொல்லியிருக்கிறாராம். அழகமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

15.2 வெள்ளி
இன்றும் பிந்தித்தான் வந்தார். சோறு போட்டேன், உட்காரவில்லை.

"ஹவ்வா, நம்ம றமீஸா மையவாடி மதிலோரம், கொய்யா மரத்துக்குப் பக்கத்தில. தலைமாட்டில ஒரு கல்லு, கால்மாட்டில ஒண்ணு. சுது கங்கையில இருந்து நான்தான் தூக்கிட்டு வந்து வச்சேன். வெள்ளிக்கு வெள்ளி புல்லுப் பிடுங்கிட்டுத்தான் வாரேன்."

டீக்கடை என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

எவ்வளவு பெரிய கல் என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினார்.