மூன்று பேருக்குரிய வாடகை

6 பெப்ரவரி, செவ்வாய்

இன்றைக்கு, உதவிப் பணம் தருகிற சோசியல் கந்தோருக்குப் போனேன். இவருக்கு முதுகில் ஒப்பரேசன் செய்த பிறகு எங்கள் பாடு அவர்கள் கையில்தான். மகள் ரிஷானிக்குக் கலியாணம் சரிவரும் போலிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அங்கிருந்த பெண் சிரித்து வாழ்த்திவிட்டு, மகள் போனால் இரண்டு பேருக்குரிய வாடகைதான் தருவோம், இந்த வீட்டு வாடகை அதற்கு மேலே, மலிவாக ஒன்று தேடுங்கள் என்றாள். தேடாவிட்டால் மிச்சத்தைச் சாப்பாட்டுக் காசில் கழிப்பார்களாம். சுவிஸில், இந்தப் பீல் நகரத்தில் மலிவான வீட்டில் எங்கே லிஃப்ட் இருக்கிறது? இவருக்கு நாலு படி ஏற ஏலாது.

18 பெப்ரவரி, ஞாயிறு

பேர்ண் கோயில் ஐயர் இரண்டு பேரின் சாதகக் குறிப்பையும் பார்த்தார். "தாராளமாச் செய்யலாம் அம்மா."

19 பெப்ரவரி, திங்கள்

அட்லிஸ்விலில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தேன். மாப்பிள்ளைப் பெடியன் பானுஜனின் தாயிடம், "குறிப்புப் பொருந்தேல்லையாம்" என்றேன். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் போதும், அதற்கு மேல் ஒருவரும் கிண்டமாட்டார்கள். இவரிடமும் ரிஷானியிடமும் அதையே சொன்னேன். ரிஷானி "சரியம்மா" என்றுவிட்டு வேலைக்குப் போனாள்.

சரியம்மாவாம்! ரெண்டு மாசமா அந்தப் பெடியனோட கதைச்சுக் கதைச்சுச் சிரிச்ச பிள்ளை. நானெல்லாம் ஒரு தாயோ?

2 மார்ச்

ரிஷானி இப்போது போனைக் கையில் எடுப்பதே இல்லை.

10 மார்ச், ஞாயிறு

இன்று இவரும் கோயிலுக்கு வந்தார். ஐயர் நேரே இவரிடமே, "கலியாணம் எப்ப? அருமையான பொருத்தம்" என்றுவிட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் இவர் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறத் தொடங்கினார். முதல் மாடியில் வியர்த்துக் கொட்ட நின்றபடி கேட்டார். "என்ர முதுகைச் சாட்டியோ பிள்ளையை மறிச்சனீ?"

இரண்டு அடி போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

11 மார்ச்

பிறந்த நேரத்தைப் பிழையாகக் கொடுத்துவிட்டோம் என்று சமாளிக்கலாமென்று அட்லிஸ்விலுக்கு எடுத்தேன். அவ முடிக்க விடவில்லை. "நாங்களும் குறிப்புப் பாத்தனாங்கள், பத்மினி அக்கா. பொருந்துதெண்டுதான் சொன்னவை. உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டம்."

வெட்கத்தை விட்டு வாடகைக் கதை முழுவதையும் சொல்லி அழுதேன். "மகன் வேற ஒரு பிள்ளையையும் பாக்கமாட்டன் எண்டு நிக்கிறான்" என்றா கடைசியில்.

ரிஷானிக்கு வாடகைக் கதை சொல்லவில்லை. தெரிந்தால் போகமாட்டாள். லிஃப்ட்டோடு சின்ன வீடொன்று பார்க்கிறோம் என்றேன். இன்னொரு பொய்.

26 ஆகஸ்ட்

நேற்றுக் கலியாணம். அவள் சிரித்த சிரிப்பு! இதையோ நான் மறித்தேன்?

2 ஒக்டோபர்

புது வீடு, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. இவர் படிக்குப் படி இளைப்பாறி ஏறினார், தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் நான். இரண்டாம் மாடியில் ரிஷானியின் போன். "அம்மா, அப்பா சுகமா ஏறினவரோ? லிஃப்ட் பெரிசோ?"

போனை இவரிடம் நீட்டினேன். இவர் போனை வாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, "ஓம் பிள்ளை, லிஃப்ட்டுக்குள்ளைதான் நிக்கிறம். பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கத்தானே போறாள்" என்றேன்.

"அப்ப பாப்பம். நீ கையைத் தா."