பாதி வெட்டிய தலை

மார்ச் 4
மகன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். இருபத்திரண்டு வயது. குண்டு விழுகிற இடத்தில் அடிபட்டுக் கிடந்தவர்களை முதுகில் தூக்கி வந்தானாம், பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். சலூனில் இன்று கூட்டமான கூட்டம். முடி வெட்ட ஒருத்தரும் வரவில்லை, எல்லாரும் அவனைப் பார்க்கத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 6
ஷேவ் பண்ண உட்காரவைத்தேன். கத்தி கழுத்துக்குப் போனதும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். "வேணாம்ப்பா, நானே பண்ணிக்கிறேன்." உன் முதல் மீசையை எடுத்ததே இந்தக் கைதானேடா? கத்தியை அவன் கையில் கொடுத்தேன். மணிக்கட்டு கன்றிப்போயிருக்கிறது.

மார்ச் 7
சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறான், வாயில் வைப்பதில்லை. "எப்படியாவது அவனை இங்கயே நிறுத்திடுங்க" என்கிறாள் அவன் அம்மா. நான் என்ன ஜெனரலா?

மார்ச் 9
பக்கத்து ராணுவ முகாம் அதிகாரி ஷேவிங்குக்கு வந்தார். நுரை பூசிவிட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஐயா, அவனுக்கு இங்கயே ஒரு வேலை போட்டுக் கொடுங்க."
"பதக்கம் வாங்கினவனே வீட்ல உக்காந்தா மத்தவன் எப்படிப் போவான்?"
கத்தி என் கையில், கழுத்து அவருடையது. கெஞ்சியது நான். படிகாரம் தேய்த்து அனுப்பிவைத்தேன்.

மார்ச் 11
வாசலில் ராணுவ வண்டி. ஒட்ட வெட்டாமல் போனால் தண்டனையாம். அவனே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "நீங்களே வெட்டிடுங்கப்பா."
இடப்பக்கம் முடித்தேன். அப்புறம், எனக்கு என்ன வந்ததோ, மிஷினை நிறுத்திவிட்டேன். "மக்கர் பண்ணுதுடா. சரி பண்ண ரெண்டு நாள் ஆகும்." பாதித் தலையோடு எவன் கூட்டிப்போவான்? அப்படித்தான் நினைத்தேன். கிறுக்குப் புத்தி!
கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தான். "உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுப்பா." மிஷினை வாங்கி மீதியை அவனே வெட்டிக்கொண்டான். பின்கழுத்தில் மட்டும் கோணல். கத்தி வைத்து நான் சரிசெய்தேன். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை.

மார்ச் 12
தரையில் கிடக்கிற முடியைக் கூட்ட மனசு வரவில்லை.

மே 30
இரண்டாவது பதக்கமும் வந்தது. அந்த அதிகாரியே கொண்டுவந்தார். வாங்கிக்கொள்ள அவன்தான் இல்லை. அவன் அம்மா பதக்கப் பெட்டியைத் தொடவே இல்லை. ஐயோ, நான் ஏன்டா கோணலைச் சரிசெய்தேன்?

ஜூன் 18
கடை திறந்தேன். முதல் ஆளாக மளிகைக்கடைக்காரர் மகன். பட்டாளத்தில் சேரப்போகிறானாம். "அண்ணன் மாதிரியே ஒட்ட வெட்டிவிடுங்க."
"மிஷின் மக்கர்டா. நாளைக்கு வா" என்றேன்.
இவன் நம்பிவிட்டான். நாளைக்கும் வருவானே, அப்போது என்ன சொல்ல?